பொய் சொல்லும் முள்ளின் பூர்வீகம்

பழைய கார் வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "மீட்டரா? அது சும்மா அழகுக்கு சார்"னு ஒரே பதில்தான் வரும். பெட்ரோல் முள் பாதியில் நிற்கும், வண்டி திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் நிற்கும். டெம்பரேச்சர் முள் கடைசிக் கோட்டில் கிடக்கும், பானெட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் சமர்த்தாக இருக்கும். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் பரதநாட்டியம் ஆடும். காரணம் கேட்டால் "வண்டி பழசாயிடுச்சு". அவ்வளவுதான்.

எனக்கு இந்த 'பழசாயிடுச்சு' மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. முள் பழசானதால் மட்டும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கு, எந்தக் காலத்தில் யார் எதுக்காகக் கண்டுபிடிச்ச வித்தையில் அது ஆடுதுன்னு ஒரு கணக்கு இருக்கு. அது தெரிஞ்சா எங்கே கை வைக்கணும்னு தெரிஞ்சுடும். தெரியாம கை வைக்கறதால, சின்ன ஒரு திருகாணியில் முடிய வேண்டிய வேலைக்கு மொத்த மீட்டரும் காயலான் கடைக்குப் போயிட்டிருக்கு. இந்தக் கட்டுரை அந்த வயித்தெரிச்சலில் எழுதறது :-)

முதலில் ஒரு விஷயம். கார் பிறந்தபோது மீட்டரே கிடையாது. ஃபோர்டு மாடல் டி (1908 முதல் 1927 வரை வந்தது) வண்டியில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில். எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்னா இறங்கி, சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்க்கணும். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கி வரணும். அதனால் டேங்க் காலியாகும் சமயத்தில் மேடு வந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்களாம். அடுத்து வந்த மாடல் ஏ-யில் டேங்க்கையே டாஷ்போர்டுக்குப் பின்னால் வைத்து, மிதவையை நேரடியாக ஓட்டுநர் கண்ணுக்குக் காட்டினார்கள். ஒயர் இல்லை, கரண்ட் இல்லை, பொய் சொல்ல வழியும் இல்லை. (முழங்காலுக்கு மேலே பெட்ரோல் டேங்க்! அந்தக் காலத்து மனுஷங்களுக்கு தைரியம் ஜாஸ்தி.) ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 1960களின் தொடக்கம் வரை பெட்ரோல் மீட்டரே கிடையாது, இன்ஜின் இருமினால் காலால் ரிசர்வ் குழாயைத் திருப்பணும். நம்ம திருவொற்றியூர் புல்லட் ஓட்டியவங்களுக்கு இந்த விளையாட்டு நல்லா தெரியும். டேங்க்கை ஆட்டி, சலசலப்பு கேட்டு, "இன்னும் இருக்குடா"ன்னு சொன்ன தலைமுறை அது.

வெப்பத்துக்கும் இதே கதைதான். 1912இல் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் என்பவர் ஒரு தெர்மாமீட்டரை ரேடியேட்டர் மூடி மேலேயே நட்டு வச்சார். ஓட்டுபவர் கண்ணாடி வழியாக பானெட் நுனியைப் பார்த்து வண்டிக்கு ஜுரமா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும். பழைய படங்களில் கார் மூக்கில் வட்டமாக ஒன்று நீட்டிக்கொண்டு இருக்குமே, அதுதான்.

ஆக, டாஷ்போர்டுக்குள் முள் வந்தது பின்னால். கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவங்க கடிகாரக்காரங்க. லண்டனில் 1851இல் நகை, கடிகாரக் கடையாக ஆரம்பித்த ஸ்மித் குடும்பம் 1904இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் காருக்கு ஸ்பீடாமீட்டர் செய்து கொடுத்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் பிரிட்டனில் மணிக்கு 20 மைல் என்று வேக வரம்பு போட்டிருந்தார்கள். அபராதம் என்று ஒன்று வந்ததும் வேகத்தைக் காட்டும் முள்ளுக்கு சந்தை வந்துவிட்டது! அந்த ஸ்மித்ஸ் கம்பெனி முள்ளும், அதே பாணியில் இங்கே செய்யப்பட்ட முள்ளும்தான் நம்ம ஊர் ஆங்கிலேய வம்சத்து வண்டிகளில் பாதிக்கு மேல் இருப்பது.

ஸ்பீடாமீட்டரின் உள்ளே இருப்பது ஜெர்மனியில் ஆட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை வாங்கிய வித்தை. அதன் வேர் இன்னும் பின்னால், 1824இல் பாரிஸில் அராகோ பார்த்த ஒரு விநோதத்தில். செம்புத் தகட்டைச் சுழற்றினால் அதன் மேலே தொங்கும் காந்த ஊசி, தொடாமலே கூட இழுபடும். ஷுல்ட்ஸே இதைத் திருப்பிப் போட்டார். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை, ஆனாலும் இழுக்கும். முடி மாதிரி மெல்லிய சுருள்வில் ஒன்று "போதும் நில்லு"ன்னு கிண்ணத்தைப் பிடித்து வைக்கும். இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்புதோ அதுதான் வேகம்.

இங்கேதான் முக்கியமான பாயிண்ட். அதே மீட்டரில் கிலோமீட்டர் ஓடும் எண்கள் இருக்கே, அது காந்தத்தில் ஓடுவதில்லை. அது பல்சக்கரம். கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு எண் நகரும், அதில் பேரமே கிடையாது. ஒரே டப்பாவுக்குள் இரண்டு வேறு பரம்பரை. அதனால் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். எண் சரியாக பத்து காட்டி, வேகம் மட்டும் தப்பாக இருந்தால் நோய் மீட்டருக்குள். காந்தம் வலு குறைஞ்சிருந்தா முள் குறைச்சுக் காட்டும். சுருள்வில் தளர்ந்திருந்தா கூட்டிக் காட்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பு என்றால் மீட்டரைத் தொடவே தொடாதீங்க. டயர் சைஸ் மாறியிருக்கும், இல்லைன்னா வேறு வண்டியின் கியர்பாக்ஸோ மீட்டரோ மாட்டியிருப்பாங்க. வேகத்தைச் சரிபார்க்க ஸ்டாப்வாட்ச் போதும். முள் 60இல் நிற்க, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆகணும். 66 ஆச்சுன்னா நிஜ வேகம் ஐம்பத்து நாலரைதான். (செல்போனில் ஜிபிஎஸ் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா கல்லு கணக்குல ஒரு சுகம் இருக்கு. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், கடிகாரத்தைப் பக்கத்து சீட்டு பார்க்கட்டும்.)

மீட்டர் மாறியிருக்கான்னு கண்டுபிடிக்க இன்னொரு வழி. ஸ்மித்ஸ் முகப்பின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் 1184, 1280 மாதிரி ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்கு கேபிள் அத்தனை சுற்று சுற்றணும்னு அர்த்தம். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, பின்சக்கரம் ஆறு சுற்று சுற்றும் வரை வண்டியைத் தள்ளி, உள்கம்பி எத்தனை சுற்று சுற்றுதுன்னு எண்ணுங்க. அதை 1680ஆல் பெருக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்து தரை வரை உள்ள உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் அந்த எண் வரணும். எட்டரைச் சுற்று, 12 அங்குலம் என்றால் 1190. முகப்பில் 1184 இருந்தால் ஜோடிப் பொருத்தம் பிரமாதம். 1000 இருந்தால் அது வேறு வீட்டுப் பிள்ளை. கிலோமீட்டர் முகப்பாக இருந்தால் 1680க்குப் பதில் 1044.

கிலோமீட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்தது, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக அமலானது. சாலையோரக் கற்கள் மாறின, வண்டியில் மைல் முகப்பு அப்படியே இருந்தது. அந்த இடைக்காலத்து வண்டிகளில் மைல் முகப்புக்கு கிலோமீட்டர் முகத்தை மட்டும் ஒட்டி விட்டவர்களும் உண்டு. உள்ளே பல்சக்கரம் மைல் கணக்கிலேயே ஓடும். அப்படிப்பட்ட வண்டியில் 100 கிலோமீட்டர் ஓடினால் எண் 62தான் நகரும். "மீட்டர் ஸ்லோ சார்" என்பார்கள். ஸ்லோ இல்லை, அது இன்னும் வெள்ளைக்காரன் கணக்கிலேயே இருக்கு! நாமும் இன்னும் 'மைல் கல்'னுதானே சொல்றோம்.

முள் நடனம் ஆடுவதற்கு கேபிள்தான் காரணம், பெரும்பாலும். காய்ந்து போயிருக்கும், இல்லை எங்கேயோ கூர்மையாக வளைந்திருக்கும். உடனே கிரீஸை அள்ளி அப்பாதீங்க. மேல் முனையில் ஒரு எட்டு அங்குலத்துக்கு கிரீஸ் இருக்கவே கூடாது. அது ஏறி ஏறி கிண்ணத்துக்குள் போச்சுன்னா காந்தத்தோடு கிண்ணம் ஒட்டிக்கும், நின்ற வண்டி எண்பதில் போவதாகக் காட்டும்.

சரி, இப்போ பெரிய வில்லனுக்கு வருவோம். பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள்.

பழைய மின்சார பெட்ரோல் மீட்டரில் இரண்டு கம்பிச்சுருள்கள் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு இரும்பு முள்ளைக் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுக்கும். டேங்க்கில் இருக்கும் மிதவை ஒரு பக்கத்து பலத்தைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரி வோல்டேஜ் ஏறினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே பலம் கூடும், போட்டி டிராதான். அதனால் வோல்டேஜ் பற்றி இந்த முள்ளுக்குக் கவலையில்லை. ஆனால் ஒரு குறை. திருப்பத்தில் பெட்ரோல் அலம்பினால் முள்ளும் சேர்ந்து அலம்பும்.

1960களில் ஸ்மித்ஸ் வேறு வழிக்குப் போனது. இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை, அதன் மேல் சூடேற்றும் கம்பி. கரண்ட் பாய்ந்தால் சூடாகும், ஒரு உலோகம் அதிகமாக நீளும், பட்டை வளையும், முள் நகரும். இந்த இரட்டை உலோகப் பட்டை யார் கண்டுபிடிப்புன்னு நினைக்கறீங்க? ஜான் ஹாரிசன். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க கடிகாரம் செய்த அதே மனுஷன். தன்னுடைய மூன்றாவது கடல் கடிகாரத்தில் வெயில், குளிரால் நேரம் தப்பாமல் இருக்க 18ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்தது. வெப்பத்தால் வரும் தப்பைத் திருத்தப் பிறந்த பட்டை, இருநூறு வருஷம் கழித்து வெப்பத்தாலேயே முள்ளை ஆட்டும் வேலைக்கு வந்தது! சூடாக நேரம் ஆகும் என்பதால் முள் நிதானமாக நகரும், பெட்ரோல் அலம்பினாலும் ஆடாது. செலவும் குறைவு.

உங்க வண்டியில் எந்த வகைன்னு தெரிய ஸ்பானர் வேண்டாம். சாவியைத் திருப்புங்கள். முள் டக்கென்று குதித்தால் பழைய சுருள் வகை. சோம்பல் முறிச்சு மெதுவா எழுந்தால் பட்டை வகை.

பட்டை வகைக்கு ஒரு பலவீனம். சூடு என்பது வோல்டேஜின் வர்க்கத்தில் கூடும். வண்டி நிற்கும்போது 12 வோல்ட், ஓடும்போது 14.4 வோல்ட் என்றால் சூடு 44 சதவீதம் அதிகம். அதாவது இன்ஜின் போட்டதும் டேங்க்கில் பெட்ரோல் தானாக ஊறும்! இதைத் தடுக்கத்தான் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியைவிடச் சின்ன தகர டப்பா வைத்தார்கள். ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் ஹாரிசன் பட்டைதான். சூடானால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் சேரும், திரும்பத் திரும்ப. சராசரியாகப் பார்த்தால் 10 வோல்ட். முள்தான் சோம்பேறியாச்சே, அது சராசரியை மட்டும்தான் பார்க்கும்.

இந்த டப்பாவின் உடம்பு வண்டியின் உடம்போடு நன்றாகத் தொட்டுக்கொண்டு இருக்கணும், அதாவது எர்த். அந்த ஒரு திருகாணி துருப்பிடிச்சா உள்ளே இருக்கும் சூட்டுக்கம்பிக்கு வேலையில்லை, இணைப்பு துண்டாகவே செய்யாது. முழு பேட்டரி வோல்டேஜும் நேராக இரண்டு முள்ளுக்கும் போகும். இரண்டும் சேர்ந்து கூட்டிக் காட்டும்.

எங்க பெரியப்பாவின் அம்பாசடரில் நடந்தது இதுவேதான். டெம்பரேச்சர் முள் ஏறிக்கிட்டே போகுதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், வாட்டர் பம்ப் மாற்றினார்கள், கடைசியில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டார்கள். முள் இறங்கலை. இன்னொரு பக்கம் பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டும்போதே வண்டி இரண்டு தடவை நின்றது. அதற்கு வேறொரு எலக்ட்ரீஷியன், புது டேங்க் யூனிட், வேறு பில். இரண்டு டாக்டர், இரண்டு நோய்! "பெரியப்பா, ரெண்டு முள்ளும் ஒரே சமயத்துல கூட்டிக் காட்ட ஆரம்பிச்சுதா?"ன்னு கேட்டேன். "ஆமாம்பா, தீபாவளிக்கு ரேடியோ மாட்டினதுலேர்ந்து"ன்னார். ரேடியோ மாட்டியவர் இடம் பத்தாமல் ஸ்டெபிலைசரைக் கழற்றி, ஒயரோடு அந்தரத்தில் தொங்க விட்டிருந்தார். ஒரு திருகாணி, கொஞ்சம் உப்புத்தாள். டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து உட்கார்ந்தது. பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, பில் கட்டைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அதனால் கணக்கு இதுதான். இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பினால் ஸ்டெபிலைசரைப் பாருங்க. ஒரு முள் மட்டும் தப்பினால் அந்த முள்ளின் ஒயர், சென்சார், மிதவை. இரண்டுமே செத்துக் கிடந்தால் ஃப்யூஸ், இல்லை ஸ்டெபிலைசருக்குள் இணைப்பு கருகியிருக்கும். அதன் வெளிமுனையில் டெஸ்ட் லாம்ப் வைத்தால் பல்பு விட்டு விட்டு எரியணும். நிலையாக எரிந்தால் அது வேலை செய்யலை. புதுசா விற்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண் தாவித் தாவி வரும், பயப்பட வேண்டாம், அதன் பிழைப்பே அப்படி.

டேங்க் பக்கம் வந்தால், ஒரு பெரிய குழி இருக்கு. பட்டை வகை ஸ்மித்ஸில் டேங்க் காலி என்றால் சுமார் 240 ஓம், நிறைந்தால் 20 சொச்சம். ஒயரைக் கழற்றினால் முள் காலிக்குப் போகும். பழைய சுருள் வகையில் நேர் எதிர்! கழற்றினால் முள் முழுசுக்குப் போகும். அதே கம்பெனி, அதே இடம், அதே மாதிரி இரண்டு ஒயர். புதுப்பேட்டையில் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று எடுத்துக் கொடுத்த டேங்க் யூனிட் வேறு தலைமுறையாக இருந்தால், டேங்க் நிரப்ப நிரப்ப முள் கீழே இறங்கும். அமெரிக்காவிலும் இதே கூத்து. 1960கள், 70கள் ஃபோர்டில் காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10. அதே காலத்து ஜெனரல் மோட்டார்ஸில் காலிக்கு பூஜ்யம், நிறைவுக்கு 90. ஒருவர் வண்டியில் கற்ற வைத்தியம் அடுத்தவர் வண்டியில் விஷம்.

மிதவைக்கு உயரம் மட்டும்தான் தெரியும், உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின்களும் மோரிஸ்களும், துளி பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடின. முள் அதையும் பெட்ரோல் என்றேதான் காட்டியிருக்கும். மிதவை பித்தளையாக இருந்து ஊசித்துளை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும், முள் எப்போதும் காலி. கழற்றி காதருகே ஆட்டினால் சத்தம் கேட்கும். (பீடியை அணைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யவும். டேங்க் வாய் பக்கத்தில் ஒயரை உரசி நெருப்புப் பொறி பார்ப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.)

ஆயில் பிரஷர் மீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரடிக் குழாய் வகை என்றால் அது பாரிஸில் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை எடுத்த வளைந்த குழாய், நீராவி பாய்லருக்காகச் செய்தது. ரொம்ப நேர்மையான ஆள். அது குறைவாகக் காட்டினால் முதலில் இன்ஜினைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் மீட்டரை. பழைய டெம்பரேச்சர் மீட்டரில் செம்புக்குழாயோடு வரும் வகையும் இதன் தம்பிதான். அதற்குள் ஈதர் அடைத்திருக்கும். "ஒயர் நீளமா இருக்கே"ன்னு வெட்டிய புண்ணியவான்கள் உண்டு. வெட்டினால் அதோடு சரி.

இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தாலும் முள் முழு உண்மை பேசாது, பேசவும் விடமாட்டார்கள். ஐரோப்பாவில் பின்பற்றும் ஐ.நா. விதி 39இன்படி ஸ்பீடாமீட்டர் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாக, நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் நாலும் சேர்த்துக் காட்டலாம். 80இல் போகும் வண்டி 92 காட்டினாலும் பாஸ். இன்றைய கார்களில் பலவற்றில் டெம்பரேச்சர் முள் பெரிய ஒரு இடைவெளிக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி கம்ப்யூட்டரே பிடித்து வைக்கிறது. வாடிக்கையாளர் பயப்படக் கூடாதாம். அந்த விதத்தில் நம்ம பழைய சோம்பேறிப் பட்டை எவ்வளவோ தேவலை.

கோவையில் 1970களில் தொடங்கிய பிரிக்கால் முதல் எத்தனையோ பேர் இங்கேயே மீட்டர் செய்தார்கள். இந்த முட்களைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த மீட்டர் ரிப்பேர்க்காரர்களும் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். 2014இல் அம்பாசடரும் நின்ற பிறகு அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கு. கடைக்காரர் "பழசைக் கழட்டிப் போட்டுட்டு புது பிளாஸ்டிக் செட் போட்டுக்கலாம் சார்" என்பார். போட்டால் முள் சரியாகக் காட்டும்தான். டாஷ்போர்டு முகம் போயிடும், கழற்றியது எடைக்குப் போயிடும்.

ஸ்டெபிலைசர் நிஜமாகவே செத்திருந்தால் அதற்கும் வழி இருக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 7810 என்று கேளுங்கள், மூன்று கால் உள்ள சின்ன ஐ.சி., சில ரூபாய்தான். அசையாத 10 வோல்ட் கொடுக்கும். வண்டி நெகட்டிவ் எர்த்தான்னு மட்டும் முதலில் பார்த்துக்குங்க, ரொம்பப் பழைய ஆங்கிலேய வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதற்கு இது ஆகாது. பழைய தகர டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு 7810ஐ அதற்குள்ளேயே வைத்து மூடினால், வெளியே பார்ப்பவருக்கு அதே பழைய ஸ்மித்ஸ் டப்பாதான். எர்த் திருகாணியை மட்டும் மறக்காமல் சுரண்டி முடுக்கிடுங்க, 7810க்கும் அது வேணும்.